ஒரு கணினிக்கு ஆறு காவல்

என் கடை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் இருக்கிறது. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, லேமினேஷன் என்று போர்டில் எழுதியிருக்கும். திங்கட்கிழமை குறைதீர் நாள் என்பதால் மனு கொடுக்க வருகிறவர்கள் காலை எட்டு மணிக்கே வாசலில் நிற்பார்கள். முன்பக்கம் வாடிக்கையாளர்களுக்கு மூன்று கணினிகள். பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதில் என்னுடைய கணினி. இந்த நான்கில் எது நல்ல கணினி என்று போன வருடம் என்னைக் கேட்டிருந்தால் கொஞ்சமும் யோசிக்காமல் உள்ளே இருப்பதைக் காட்டியிருப்பேன். அந்த நினைப்புதான் என் மனைவியின் பதின்மூன்று வருட உழைப்பைக் கெடுத்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான்கு வருடங்களுக்கு முன்பு வரை அதுவும் மற்ற மூன்றையும் போல வெறும் கணினிதான். ஒரு நாள் ஏதோ படிவத்தை இறக்கப் போய், பச்சை நிறத்தில் பெரிதாக ‘டவுன்லோட்’ என்று இருந்ததை அழுத்தினேன். அது படிவத்தின் பட்டன் இல்லை. பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருந்த விளம்பரம். அரை மணி நேரத்தில் வைரஸ் ஏறி, கணினியில் இருந்த ஒரு கோப்பும் திறக்கவில்லை. எத்தனையோ பேருடைய சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், போட்டோ எல்லாம் அதில்தான் இருந்தன. “உங்ககிட்டயே இருக்குமேண்ணா” என்று நம்பி வந்தவர்களிடம் திரும்பவும் ஒரிஜினலைக் கொண்டுவரச் சொன்னேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்குப் பிடித்த பயம் என்னை விடவில்லை. பிரவுசரோடு ஒட்டவைத்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் என்கிற சின்னச் சின்ன நிரல்களைத் தேட ஆரம்பித்தேன். முதலில் விளம்பரத்தைத் தடுக்கிற ஒன்றைப் போட்டேன். நியாயமான காரியம், அதோடு நிறுத்தியிருக்கலாம். பிறகு, நாம் எங்கே போகிறோம் வருகிறோம் என்று பின்னாலேயே வந்து வேவு பார்க்கும் தளங்களைத் தடுக்க ஒன்று. தானாகத் திறக்கிற குட்டி ஜன்னல்களை மூட ஒன்று. தளங்கள் நம் கணினியில் விட்டுப்போகிற குறிப்புகளை அழிக்க ஒன்று. கெட்ட தளத்துக்குள் காலை வைத்தால் எச்சரிக்க ஒன்று. ஐந்தும் போட்ட பிறகும் மனம் ஆறவில்லை. எல்லா வேலையையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்ன ஆறாவது ஒன்றையும் போட்டேன். பிரவுசரின் மேல் ஓரத்தில் ஆறும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றின் மேலும், இந்தப் பக்கத்தில் இத்தனை தடுத்தேன் என்று ஒரு சிவப்பு எண் வரும். அந்த எண்கள் ஏற ஏற எனக்கு அப்படி ஒரு நிம்மதி. எதைத் தடுத்தது என்று ஒரு நாளாவது பார்த்தேனா என்றால், இல்லை.

என் மனைவி கணக்கு டீச்சர். ஒரே விடையை இரண்டு தடவை எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின் அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள், திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ஏங்க, ஒண்ணு செய்யற வேலையத்தான இன்னொண்ணும் செய்யுது? எதுக்கு இத்தினி?”

“ஒண்ணு தவற விட்டா இன்னொண்ணு பிடிக்கும்மா.”

“கடை வாசல்ல பாத்தா பூசணிக்கா, படிகாரம், எலுமிச்சம்பழம், கருப்புக் கயிறு. உள்ள வந்தா இது ஆறு. உங்களுக்குப் பயம் ஜாஸ்தி, நம்பிக்கை கம்மி.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பூசணிக்காயைத் தொங்கவிட்டது அவள் அம்மா, என் மேல் பழி போடாதே என்றேன். அதோடு பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

அவள் கேட்டதையே இணையத்திலும் பல பேர் கேட்டிருந்தார்கள். இந்த மாதிரி நிரல்களில் பாதிக்கு மேல் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, நல்லதாக ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு என்று விஷயம் தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதியிருந்தார்கள். நிறையப் போட்டால் பிரவுசர் மந்தமாகும், நல்ல பக்கங்களும் உடையும், ஒன்றை அணைத்தால் இன்னொன்று அதே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்றும் எழுதியிருந்தார்கள். ஒளிந்துகொள்ளலாம் என்று போடுகிறவன்தான் முதலில் அடையாளம் தெரிவான் என்றுகூட ஒருவர் சொல்லியிருந்தார். அது எனக்குப் புரிந்தது. பௌர்ணமியன்று அத்தனை லட்சம் பேர் வெறுங்காலோடு மலையைச் சுற்றும்போது ஒருவன் மட்டும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நடந்தால் யார் கண்ணில் படுவான்? எல்லாம் புரிந்தது. புரிந்தும், அவர்களுக்கு என்ன, அவர்கள் கணினியா போனது என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். பயந்தவனுக்குப் புத்திமதி ஏறாது என்பதை என்னை வைத்தே தெரிந்துகொண்டேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், முன்பக்கத்துக் கணினிகளில் நான் இவற்றில் ஒன்றைக்கூட வைக்கவில்லை. ஆரம்பத்தில் வைத்தேன். “அண்ணா, பக்கம் வெள்ளையா நிக்குது”, “அண்ணா, நெக்ஸ்ட் அழுத்தினா போவல” என்று ஆளுக்கு ஆள் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரே வாரத்தில் மூன்றிலிருந்தும் எடுத்துவிட்டேன். அதாவது, இவை நல்ல பக்கங்களையும் உடைக்கும் என்பது எனக்கு அனுபவத்திலேயே தெரியும். வேறு யாரோ சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை.

இனி அவளைப் பற்றி. கீழ்பென்னாத்தூரில் மணிலா என்கிற நிலக்கடலை பயிரிடுகிற குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள். பி.எஸ்சி., பி.எட். முடித்து, ஒரு தனியார் பள்ளியில் பதின்மூன்று வருடமாகக் கணக்கு சொல்லித் தருகிறாள். காலை ஏழேகாலுக்கு வேன் வரும், போனால் திரும்பி வர ஐந்தரை ஆகும். வந்த பிறகு சமையல், அதற்கு நடுவில் படிப்பு. சமையலறை அலமாரிக் கதவில் சூத்திரங்களை எழுதி ஒட்டியிருப்பாள். குழம்பு கொதிக்கும்போது அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கான தேர்வை அதுவரை இரண்டு தடவை எழுதியிருந்தாள். முதல் தடவை கிட்டத்தில்கூட வரவில்லை. இரண்டாவது தடவை இரண்டு மதிப்பெண்ணில் போனது. அதற்குப் பிறகு அறிவிப்பே வராமல் வருடங்கள் ஓடின. போன வருடம் வந்தபோது வயது வரம்பைப் பார்த்தாள். இதுதான் கடைசி. அடுத்த அறிவிப்பு எப்போது வந்தாலும் அவள் விண்ணப்பிக்க முடியாது.

“இந்தத் தடவ வரும்ங்க. எனக்கே தெரியுது” என்றாள். அவள் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை.

விண்ணப்பம் தொடங்கியதும் கடையில் கூட்டம் நெரிந்தது. சுற்று வட்டாரத்திலிருந்து பி.எட். முடித்த பெண்கள் கைக்குழந்தையோடு, மாமியாரோடு, அண்ணனோடு வந்து வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் முன்பக்கத்துக் கணினிகளில்தான் போட்டேன். விவரங்களை நான் நிரப்புவேன், சான்றிதழ்களை ஏற்றுவேன், கட்டணம் கட்டுவேன். கடைசியில் ‘சமர்ப்பி’ என்கிற பட்டன் வரும்போது நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். எங்கள் சாரியில் இருக்கிற எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம். அந்தப் பட்டனை விண்ணப்பிக்கிறவர்தான் தன் கையால் அழுத்த வேண்டும். நாங்கள் அழுத்தி வேலை கிடைக்காமல் போனால் எங்கள் கைராசி சரியில்லை என்று ஆகிவிடும். அவர்களும் நேரம் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஜன்னல் வழியாகத் தெரிகிற மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவார்கள். அந்த நேரத்தில் திரையை எட்டிப் பார்க்காமல் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அது ஒரு மரியாதை.

அழுத்தியதும் ஒரு குட்டி ஜன்னல் திறக்கும். ‘மேலே உள்ள விவரங்கள் அனைத்தும் உண்மை’ என்கிற உறுதிமொழி அதில் இருக்கும். அதற்கும் சரி என்று கொடுத்தால்தான் விண்ணப்பம் போய்ச் சேரும். “அண்ணா, இன்னாவோ கேக்குது” என்பார்கள். “ஓகே குடுங்க” என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லுவேன். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது இதைச் சொல்லியிருப்பேன்.

என் மனைவிக்கு மட்டும் முன்பக்கத்துக் கணினி வேண்டாம் என்று முடிவு செய்தேன். கண்டவர்கள் கை வைத்தது, கண்ட பென் டிரைவ் எல்லாம் சொருகியது. அவளுடைய ஆதார், சான்றிதழ், போட்டோ, கையெழுத்து எல்லாம் அதில் ஏற நான் விடத் தயாராக இல்லை. இது வாழ்நாளில் ஒரே ஒரு விண்ணப்பம். ஆறு காவல் உள்ள கணினியில் போட வேண்டும் என்று இருந்தேன்.

கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்பு, பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். பத்தரைக்கு மேல் நல்ல நேரம். காலையிலேயே நான் எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருந்தேன். அரசாங்கப் பக்கங்களில் குட்டி ஜன்னல் வரும் என்று தெரியும். அதனால் அதைத் தடுக்கிற மூன்றாவது எக்ஸ்டென்ஷனை அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்தும் வைத்தேன். மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மறக்கவில்லை, நினைவாகச் செய்தேன். அதனால்தான் இன்றுவரை இது எனக்கு ஜீரணமாகவில்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் தடுப்புக்கு வெளியே வந்தேன். முன்னால் ஒரு பெரியவர் பட்டாவுக்கு ஜெராக்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார், அவரிடம் போய்விட்டேன். அவருக்கு நகல் எடுத்துக் கொடுத்தேன். பிறகு கூப்பிட்டாள்.

“ஏங்க, அழுத்திட்டேன்.”

“ஏதாச்சும் கேட்டுதா?”

“எதுவும் கேக்கல. நேரா மொதப் பக்கத்துக்கு வந்துடுச்சு.”

உறுதிமொழி ஜன்னல் வரவில்லையே என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். மற்றவர்களில் ஒருத்தி அப்படிச் சொல்லியிருந்தால் பாய்ந்து போய்ப் பார்த்திருப்பேன். எனக்கு வந்ததோ பெருமை.

“நம்ம மெஷின்ல எதுவும் வந்து தொல்ல பண்ணாது” என்றேன்.

உள்ளே போய் விண்ணப்பத்தை அச்சு எடுத்தேன். பெயர், போட்டோ, விண்ணப்ப எண், கட்டணம் கட்டிய விவரம் எல்லாம் சரியாக இருந்தது. தாளின் அடியில் ‘சேமிக்கப்பட்டது’ என்று இருந்ததை நான் பார்க்கவில்லை. அதே இடத்தில் ‘சமர்ப்பிக்கப்பட்டது’ என்று இருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க அதே தாளை அத்தனை தடவை பார்த்த கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தது. அவள் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் சாமி படத்தின் பின்னால் சொருகி வைத்தாள்.

மூன்று நாள் கழித்து, காலையில் வேனுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்.

“எங்க ஸ்கூல் மிஸ் ஒருத்தங்களுக்கு அப்ளை ஆயிடுச்சுனு மெசேஜ் வந்துதாம். எனக்கு இன்னும் வரலியே?”

“கூட்டமா இருக்கும், மெதுவா வரும். நம்ம மெஷின்ல போட்டது, நீ கவலப்படாத.”

அன்றைக்குக் கடைசித் தேதிக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. கடைக்குப் போய் அவள் எண்ணைப் போட்டுப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் போதும். பார்க்கவில்லை. வரிசையில் நின்ற யார் யாருக்கோ மெசேஜ் வந்ததா என்று பார்த்துச் சொன்னேன். அவளுடையதைப் பார்ப்பது என் கணினியைச் சந்தேகப்படுவது மாதிரி எனக்குப் பட்டிருக்க வேண்டும். இந்த ஒரு நாளை நினைக்கும்போதெல்லாம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

ஹால் டிக்கெட் வந்த நாள் சனிக்கிழமை. கடையில் நிற்க இடமில்லை. அவளுக்கு லீவு என்பதால் உதவிக்கு வந்திருந்தாள். நான் அச்சு எடுத்துக் கொடுக்க, அவள் போட்டோ தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு தாளையும் சேர்த்துப் பின் அடித்து, ஒவ்வொருத்தியிடமும் ஏதாவது சொல்லிக் கொடுத்தாள். “பேனா ரெண்டா எடுத்துக்குங்க. ஒம்போதரைக்கு கேட்ட சாத்திடுவாங்க.” கைக்குழந்தையோடு வந்த ஒருத்தியிடம் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றுகூட விசாரித்தாள். தன்னுடையதைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். பன்னிரண்டரை வாக்கில் கூட்டம் குறைந்தபோது முன்பக்கத்துக் கணினி ஒன்றில் உட்கார்ந்து தன் எண்ணைத் தட்டினாள்.

‘இந்த எண்ணில் நிறைவு செய்யப்பட்ட விண்ணப்பம் ஏதும் இல்லை’ என்று வந்தது.

மறுபடி தட்டினாள். பிறந்த தேதியை ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மூன்றாவது தடவை தட்டினாள். பக்கத்தில் இருந்த பெண், “அக்கா, உங்களுது வந்துடுச்சா?” என்று கேட்டாள். “சர்வர் பிசி போல, அப்புறம் பாத்துக்கலாம்” என்று சிரித்தாள். அந்தப் பெண்ணின் ஹால் டிக்கெட்டுக்குப் பின் அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள். நான் இருந்த பின் அறைக்கு வந்து கதவருகில் நின்றாள்.

“நான்தான் சரியா அழுத்தல போலங்க.”

அவள் அழவில்லை. அதற்கு அடுத்த வாரம் முழுக்க அதே வாக்கியத்தை வேறு வேறு விதமாகச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தியிருக்கக் கூடாது. பட்டனின் ஓரத்தில் அழுத்திவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன். தேர்வு வாரியத்தின் உதவி எண்ணுக்கு நான் போன் செய்தேன், கடிதம் அனுப்பினேன். நிறைவு செய்யாத விண்ணப்பத்தை ஏற்க விதியில் இடமில்லை என்று மரியாதையாகவே பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவர்கள் தளம் கேட்க வேண்டியதைக் கேட்டிருந்தது.

அதை நான் திங்கட்கிழமையே தெரிந்துகொண்டேன். மத்தியானம் கடை ஓய்ந்த பிறகு என் கணினியில் மூன்றாவது எக்ஸ்டென்ஷனின் பதிவேட்டைத் திறந்தேன். அந்தத் தளம், அந்தத் தேதி, ‘அனுமதிக்கப்பட்டது’ என்று இருந்தது. ஒரு கணம், என் மேல் தப்பில்லை என்று எனக்கு மூச்சு வந்தது. பிறகு ஆறாவதின் பதிவேட்டைத் திறந்தேன். அதே தளம், அதே தேதி, நேரம் பத்து நாற்பது. ‘தடுக்கப்பட்ட ஜன்னல்: 1.’ நான் போட்டபோது அதற்கு அந்த வேலை கிடையாது. நடுவில் ஏதோ ஒரு அப்டேட்டில் அதையும் சேர்த்திருக்கிறார்கள். ‘புதிய வசதிகள்’ என்று திரையில் வந்தபோது நான் படிக்காமலே சரி என்று கொடுத்திருப்பேன். மூன்றாவது வழியை விட்டது. ஆறாவது அதே இடத்தில் நின்று அடைத்தது. அவள் விரல் சரியாகத்தான் அழுத்தியிருந்தது.

அந்த ஒன்று என்கிற எண்ணைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. ஆறையும் அன்றே நீக்கினேன். இரண்டு நாள் கழித்து விளம்பரத் தடுப்பை மட்டும் திரும்பப் போட்டேன். ஒன்று போதும் என்று எழுதியவர்கள் சொன்னது சரிதான். இது எனக்குத் தெரிந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

அவளிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், பௌர்ணமி போகட்டும், அவள் பள்ளியில் அரையாண்டு தாள் திருத்துகிறாள், அது முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். கோழைத்தனத்துக்குக் காரணம் கிடைக்காமல் போகாது. அலமாரிக் கதவிலிருந்து சூத்திரங்களை அவள் ஒவ்வொன்றாக உரித்தாள். பசை விடாத இடங்களைக் கத்தியால் சுரண்டினாள். நான் கூடத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கேஸ் புக் பண்ணப் போனை எடுத்தவள், என்ன நினைத்தாளோ, என் கையில் கொடுத்தாள்.

“நீங்களே அழுத்துங்க. என் கை வேணாம்.”

வாங்கி அழுத்தினேன். சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. அப்போதும் சொல்லவில்லை.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை வந்தது. தேர்வு மையங்களில் ஒன்று எங்கள் கடைக்கு நடக்கிற தூரம். ஹால் டிக்கெட்டைத் தொலைத்தவர்கள், ஆதார் நகல் எடுக்காமல் வந்தவர்கள் எப்போதும் இருப்பார்கள் என்பதால் ஏழு மணிக்கே கடையைத் திறந்தேன். முன்பக்கத்து மூன்று கணினியும் ஓடின. நான் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவர்களில் பல பேர் அந்த வழியாகப் போனார்கள். கைக்குழந்தைக்காரி குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, “அக்கா எங்கண்ணா, முன்னாடியே உள்ள போயிட்டாங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஒன்பதரைக்கு மைக்கில் ஏதோ அறிவித்துக் கதவைச் சாத்தினார்கள். தெரு காலியானது. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மாடிக்குப் போய்க் காயப் போட வாளியைத் தூக்கியவளை நிறுத்தி, அங்கேயே, குழாயடியில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவதை அணைத்தது, ஆறாவது தடுத்தது, திங்கட்கிழமையே தெரிந்தது, இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது எல்லாவற்றையும். உன் கை சரியாகத்தான் அழுத்தியது என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் வாளியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“முன்னாடி கம்ப்யூட்டர்ல அந்த ஆறும் இல்லியா?”

“இல்ல.”

“அங்க போட்டவங்களுக்கெல்லாம் போயிடுச்சா?”

“போயிடுச்சு.”

“ஒருத்தருக்குக்கூட நிக்கலியா?”

“இல்லம்மா.”

“என்னுத மட்டும் ஏன் உள்ள போட்டீங்க?”

“உன்னுது பத்திரமா இருக்கணும்னுதான்.”

வாளியைக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தேகால். அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், அதற்காகக் காத்துக்கொண்டும் இருந்தேன். பாடம் நடத்தும்போது ஒரு கணக்கின் கடைசி வரியைச் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

“நான் உங்களுக்கு யாரோவா இருந்திருந்தா, இந்நேரம் உள்ள உக்காந்து எழுதிட்டிருப்பேன்.”

வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.